முயல்கள் கொழுந்தெடுக்கும் தோட்டம்

1

மகள் வாங்கிக் கொடுத்த பிறந்தநாள் பரிசுக்கு நான் உலகம் பார்க்கும்படியாகக் கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டேன். அதன்பிறகு கொஞ்ச நாள் அவள் என்னிடம் ஒற்றைச் சொல்லில்தான் பேசினாள். 'ம்', 'ஓகே', 'வட்எவர்'. இங்கிலாந்தின் வடக்கே, செங்கல் வீடுகளும் ஓயாத தூறலும் உள்ள ஓர் ஊரில் இருக்கிறோம். இங்கே கோபத்தைக்கூடச் சத்தமில்லாமல்தான் காட்டுவார்கள். என் மகள் இந்த ஊர்க்காரி. கோபத்தையும் இந்த ஊர் முறையில்தான் பழகியிருக்கிறாள்.

அவள் பெயர் திவ்யா. பதினாறு வயது. சனிக்கிழமைகளில் ஒரு பேக்கரியில் நின்று சம்பாதிக்கிறாள். அந்தக் காசில் எனக்கு ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தாள். "அப்பா, இது உங்க ஊர் கேம்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. திரையில் பச்சை மலைகள், மலை இடுக்கில் பனி, வரிசை வரிசையாகத் தேயிலை. எனக்கும் பிடித்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பூண்டுலோயாவுக்கு மேலே நான் பிறந்த தோட்டத்தின் மேற்பிரிவு காலையில் அப்படித்தான் இருக்கும்.

பிறகு தொழிலாளிகள் வந்தார்கள். முயல்கள். ஏப்ரன் கட்டிய வெள்ளை முயல்கள், முதுகில் கூடை மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு ராகத்தை முனகியபடி கொழுந்து எடுத்தன.

"சோ க்யூட், இல்லப்பா?" என்றாள் மகள்.

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கூடையை நெற்றியில் மாட்டியவள். கயிறு அழுத்தி அழுத்தி அவளுக்கு நெற்றிக்கு மேலே முடி முளைக்காமல் போனது. நான் "ம்" என்றேன். அந்த 'ம்' எங்கள் வீட்டில் முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்கள், நாற்பது தாண்டியவனுக்கு என்ன கேம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். படிப்பை நிறுத்திவிட்டு ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்கு நின்றேன். முன்பக்கம் போட்டோ கொப்பி, ரீலோட். பின்பக்கம் திரை போட்டு மறைத்த அறையில் நாலு கம்ப்யூட்டர். பள்ளிக்கூடப் பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து கேமில் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போனபிறகு கடையைக் கூட்டுகிற வேலை என்னுடையது. கூட்டினேனோ இல்லையோ, விளையாடினேன். அப்போது பிடித்தது, விடவில்லை. இன்றைக்குப் பார்சல் கிடங்கில் எட்டு மணிநேரம் பெட்டி தூக்கிவிட்டு வந்து, சோற்றைச் சாப்பிட்டதும் கன்ட்ரோலரைத்தான் தேடுகிறேன். மற்றவர்கள் குடிக்கிறார்கள். என் மனைவி இதைச் சொல்லித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறாள்.

எனக்குப் பிடித்தது திகில் விளையாட்டு. அதிலும் எல்லாம் இல்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று 'பே' என்று கத்துவது சின்னப்பிள்ளை வேலை. அதில் திடுக்கிடலாம், பயப்பட முடியாது. இரத்தத்தை வாளி வாளியாக ஊற்றுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. நல்ல திகில் விளையாட்டைச் செய்கிறவன் கஞ்சன். வெளிச்சத்தைக் கொஞ்சமாகத் தருவான். சத்தத்தை அதைவிடக் கொஞ்சமாகத் தருவான். ஈரமான சுவர், நீளமான நடை, எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது. ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத நேரத்தில்தான் உள்ளங்கை வியர்க்கும்.

இதெல்லாம் எனக்கு ஏன் பிடிக்கிறது என்று திவ்யா ஒருமுறை கேட்டாள். பயத்தை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கிறதே, அதற்காகத்தான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அது புரியாமல் வளர்வதற்காகத்தானே அவளை இங்கே பெற்று வளர்த்தேன். ஆனாலும் புரியவில்லை என்றபோது எரிச்சல் வந்தது.

ஒரு குறை மட்டும் எல்லாத் திகில் விளையாட்டிலும் உண்டு. அந்தப் பேய்களோடு பேசித் தீர்க்க முடியாது. எங்கள் தோட்டத்தில் கவ்வாத்துக்கு முன்னால், அதாவது தேயிலையை வெட்டிக் கட்டையாக்கும் வேலைக்கு முன்னால், அந்த மலையிலேயே ஒரு கல்லை நட்டுக் கவ்வாத்துச்சாமி என்று கும்பிடுவார்கள். சேவல் அறுத்து, தேங்காய் உடைத்து, கத்தியை அதன் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் முதல் வெட்டு. ஃபேக்டரிச் சக்கரத்துக்கும் ஒரு முனி காவல் இருந்தார். அவருக்கும் சுருட்டும் சாராயமும் உண்டு. எங்களுக்குத் தெரிந்த பயம் எல்லாவற்றுக்கும் ஒரு இடம் இருந்தது, கேட்டதைக் கொடுத்தால் அடங்கிப்போகும் குணமும் இருந்தது. விளையாட்டில் வருகிற பேய்க்கு ஒரு சேவல் கொடுக்கலாம் என்றால் மெனுவில் வழி இல்லை. இதை நான் ஒரு விமர்சனமாகவே எழுதிப் போட்டிருக்கிறேன். ஏதோ பகிடி என்று நினைத்திருப்பார்கள்.

3

மகளுக்குப் பிடித்தது இதமான விளையாட்டுகள். யாரும் சாகமாட்டார்கள், யாருக்கும் பசிக்காது. செடிக்குத் தண்ணீர் ஊற்று, மீன் பிடி, பக்கத்து வீட்டுக் கிழவருக்குச் சூப் கொடு, சுவருக்கு வேறு வர்ணம் அடி. இவற்றை நான் இளக்காரம் செய்கிறவன் இல்லை. என்னோடு கிடங்கில் வேலைசெய்யும் போலந்துக்காரர் ஒருவர் இடைவேளையில் கைபேசியில் கத்தரிக்காய் நடுகிறார். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் முகத்தில் வருகிற அமைதியைப் பார்த்தால், அந்த விளையாட்டைச் செய்தவனுக்குப் புண்ணியம் போகட்டும் என்று தோன்றும்.

ஆனால் அவை எப்படித் தொடங்குகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? தாத்தா ஒரு பண்ணையை எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போவார். நீங்கள் நகரத்து வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்குவீர்கள். நிலம் உங்களுடையது. வீடு உங்களுடையது. திகில் விளையாட்டும் அப்படித்தான். யாரோ ஒரு பெரியப்பா பாழடைந்த பங்களாவை எழுதிவைத்திருப்பார். இதமோ பயமோ, முதலில் கையில் ஒரு சொத்துப் பத்திரம் வேண்டும்.

என் தாத்தா விட்டுப்போனது ஒரு கவ்வாத்துக் கத்தி. அதுவும் தோட்டத்துக் கத்தி என்று சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

போன வருடம் திவ்யாவின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னிடம் குடும்பம் பற்றிக் கேட்டார். நாங்கள் டீ எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள் என்றேன். அவர் கண் அகன்றது. "ஓ, எவ்வளவு பெரிய எஸ்டேட்?" என்றார். பெரியது என்றேன். மலை மலையாக இருக்கும் என்றேன். அவர் என் கிடங்குச் சட்டையைப் பார்த்துவிட்டு, நொடித்துப்போன ஜமீன் குடும்பம் என்று முடிவு செய்துகொண்டார். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற மகள் என் கையை மெல்ல அழுத்தினாள். அவளுக்கு அந்தப் பொய் பிடித்திருந்தது.

4

தேயிலை மலையில் நடக்கிற திகில் விளையாட்டு ஒன்றும் வந்திருக்கிறது. ஆசையாக வாங்கினேன். பனி, மழை, பாழான பங்களா, பியானோ வாசிக்கிற வெள்ளைக்காரியின் ஆவி. அவள் ஏன் செத்தாள், யாரைக் காதலித்தாள், எல்லாம் கடிதம் கடிதமாகக் கிடைக்கும். அவளுக்காக நாம் அழவேண்டும். வெளியே வந்தால் லயம். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஒற்றை அறைகள், கரிபிடித்த சுவர்கள். பரவாயில்லை, லயத்தைச் சரியாகத்தான் வரைந்திருந்தார்கள்.

அந்தக் கதவுகளைத் திறந்துகொண்டு கூடை மாட்டிய உருவங்கள் வந்தன. முகம் இல்லை. பேச்சு இல்லை. கையில் கத்தி. அவற்றைச் சுட்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

எங்கள் ஊரில் ஆளைத் துரத்துவது பேய் இல்லை. குளவி. கொழுந்து எடுக்கும்போது கூட்டைக் கலைத்துவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும், ஓட முடியாதவர்கள் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு மலையிலிருந்து பேய்க்கதை எடுக்க வந்தவர்களுக்கு, குளவி கொட்டிச் செத்தவள் கண்ணில் படவில்லை. பியானோக்காரிதான் கண்ணில் பட்டாள். திகில் விளையாட்டில் நாங்கள் முகமில்லாத பிசாசு, இதமான விளையாட்டில் முயல். நடுவில் மனிதராக வருவதற்கு இன்னும் யாரும் ஒரு விளையாட்டுச் செய்யவில்லை.

5

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். செல்வமணி. எனக்கு மூத்தவள், இன்னும் அதே தோட்டத்தில், அதே மேற்பிரிவு லயத்தில் இருக்கிறாள். மாமா தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. இப்போதும் கொழுந்துக்குப் போகிறாள்.

போன மழைக்காலத்தில் அவள் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது. பெரிதாக இல்லை, ஒரு கை நுழைகிற வெடிப்பு. ஆனால் லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடுகிறது. எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கவேண்டிய நாள் வந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்த அதிகாரிகள், இந்த இடம் குடியிருக்க ஏற்றதில்லை என்று சொன்னார்கள். ஏற்ற இடம் எது என்று யாரும் சொல்லவில்லை.

"'மெதன இன்ன பெஹெ'ன்னாங்க தம்பி" என்றாள் அக்கா. இங்கே இருக்க முடியாது என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். "சரி மாத்தையா, அப்ப எங்க இருக்கிறதுன்னு கேட்டேன். குடைய விரிச்சிக்கிட்டு ஜீப்புல ஏறிட்டாங்க."

நான் டவுனில் ஒரு அறை எடுத்துத் தருகிறேன், வாடகை அனுப்புகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"வெவரம் இல்லாம பேசாத. நான் லயத்த விட்டுப் போயிட்டா, நாளைக்கு வீடு குடுக்கிறப்ப 'நீதான் இங்க இல்லியே'ம்பாங்க. வேலைக்கி நிக்காதவளுக்குத் தோட்டத்துல காம்பரா இல்ல. இங்கனயே கெடந்தாத்தான் எனக்கு ஏதாச்சும் கெடைக்கும்."

காம்பரா என்பது லயத்து அறை. அதாவது, பத்திரமான வீடு கிடைக்கவேண்டுமென்றால் பத்திரமில்லாத வீட்டிலேயே இருந்து காட்டவேண்டும். இப்படியொரு விதியை எந்தத் திகில் விளையாட்டுக்காரனும் யோசித்ததில்லை.

சரி, ஆறு மாதமாவது என்னோடு வந்து இருக்கட்டும் என்று விசிட்டர் விசாவுக்குப் போட்டேன். மறுத்துவிட்டார்கள். அவள் பெயரில் வீடு இல்லை, நிலம் இல்லை, ஆகவே திரும்பிப் போவாள் என்று நம்ப முடியவில்லையாம். ஒரு வீடு இல்லாததால் அவளால் மலையை விட்டும் போக முடியாது, நாட்டை விட்டும் போக முடியாது. அந்தப் பதிலைப் படித்தபோது நான் சிரித்தேன். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவிடம் ஒரு மம்பட்டி இருக்கிறது. லயத்துக்கு மேலே சரிவில் மழைத்தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்காலைக் கான் என்பார்கள். எங்கள் அப்பா கான் வெட்டுகிறவர். முன்பெல்லாம் மழைக்கு முந்தி ஆள்விட்டுத் தூர்வாருவார்கள். இப்போது ஆள் இல்லை, அல்லது ஆளுக்குக் கொடுக்க மனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவே மேலே ஏறி வாருகிறாள். மழை பிடித்தால் கானில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். சத்தம் கேட்டால் நல்லது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே கான் சத்தம் நின்றுவிட்டால், தண்ணீர் வேறு எங்கோ, மலைக்குள்ளே போகிறது என்று அர்த்தம். அப்போது சேலையைக்கூட எடுக்காமல் ஓடவேண்டும்.

6

மகளின் பரிசில் மழைக்கென்று தனியாக ஒரு வசதி இருக்கிறது. விளையாடவே வேண்டாம். மலையில் மழை பெய்யும், ஓடுகளில் சத்தம் விழும், முயல்கள் கணப்பில் குளிர்காயும். கேட்டுக்கொண்டே படிக்கலாம், தூங்கலாம். திவ்யா அதைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுப்பாடம் செய்வாள்.

அன்று வேலை முடிந்து வந்தேன். கைபேசியில் அக்காவின் குரல்செய்தி கிடந்தது. மூன்று நாளாக மழை விடவில்லை, லயத்தில் யாரும் படுக்கவில்லை என்று. வீட்டுக்குள் நுழைந்தால் மழை. தேயிலை மலையில் மழை, இரண்டு ஸ்பீக்கரில்.

"நிறுத்து அந்த எழவ!" என்று கத்தினேன்.

திவ்யா பதறிப்போனாள். "இட்ஸ் ஜஸ்ட் ரெயின், அப்பா!"

வெறும் மழைதானாம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த விளையாட்டுக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டினேன். எழுதினேன்: 'இதில் கொழுந்து எடுப்பவர்கள் முயல்கள். என் அம்மா முயல் இல்லை. மழை பெய்யும்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலை என்ன செய்யும் என்று இதைச் செய்தவர்கள் யாரையும் கேட்கவில்லை. யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.' கீழே என் முழுப்பெயரையும் போட்டேன்.

அந்தப் பக்கத்தில், படிக்கிறவர்கள் அழுத்துவதற்கு 'வேடிக்கை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நிறையப் பேர் அதை அழுத்தியிருந்தார்கள். விளையாட்டைச் செய்தவர்களும் பதில் போட்டார்கள். கருத்துக்கு மிக்க நன்றி, அடுத்த பதிப்பில் முயல்களுக்குப் புதிய தொப்பிகள் வருகின்றன என்று.

திவ்யாவின் சிநேகிதிகள் என் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவளை 'முயல்' என்று கூப்பிடத் தொடங்கினார்களாம். அதை அவள் அம்மாவிடம்தான் சொன்னாள். என்னிடம் கொஞ்ச நாளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு ஞாயிறு காலை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் உங்களுக்காகத்தானே வாங்கினேன். உங்க ஊர் எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா தெரியும். நீங்க ஒண்ணுமே சொல்றதில்ல. ரெயின்னா என்ன பிரச்சினை? டெல் மீ."

நான் சொன்னேன். வெடிப்பை, பள்ளிக்கூட மண்டபத்தை, கானை. தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தேன். கானுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் கையால் வெட்டிக் காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "அத்தைகிட்ட பேசணும்" என்றாள்.

7

அங்கே பிற்பகல். மழை விட்டிருந்தது. அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் தானாக வீடியோவில் கூப்பிட்டது அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

"யாரு, வெள்ளக்காரத் தொரசானியா பேசுறது? சோறு திங்கிறியா, வெறும் பாண்தானா?"

ரொட்டியைத்தான் பாண் என்கிறாள். திவ்யாவுக்குப் பாதிதான் புரிந்தது. சிரித்தாள். பேச வேறு விஷயம் கிடைக்காமல், கைபேசியைத் திரைக்கு முன்னால் நிறுத்தி விளையாட்டைக் காட்டினாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அட, கொழுந்து எடுக்குது! ஏம்மா, மொயலு கொழுந்தக் கடிச்சிப்புடாதா?"

"கடிக்காது அத்தை."

"பேருக்கு எத்தன கிலோ?" ஒரு நாள் சம்பளம் முழுதாகக் கிடைக்க எடுக்கவேண்டிய எடையைக் கேட்கிறாள்.

"லிமிட் இல்ல. எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம்."

"நிறுக்கிறப்ப எலயில இருக்கிற தண்ணிக்குன்னு கிலோ கழிக்க மாட்டாங்களா?"

"யாரு?"

"குடுத்து வச்ச மொயலு" என்றாள் அக்கா.

அப்புறம்தான் அவள் முகம் மாறியது. வீடுகளைப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் ஒன்று, நீலத்தில் ஒன்று, எல்லாம் செங்குத்தான சரிவின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"பாப்பா, மேல கான் எங்க?"

திவ்யா என்னைப் பார்த்தாள். பிறகு அவளே அலங்காரத்துக்கு ஓடை வெட்டுகிற கருவியை எடுத்தாள். பூப்பாத்திக்கு நடுவே வாத்து விடுவதற்காக வைத்த கருவி அது. "எங்க வெட்டணும், சொல்லுங்க."

ஒரு மணிநேரம் வேலை நடந்தது. அக்கா கங்காணியாகிவிட்டாள். "நேரா கீழ விடாத, மண்ண வாரிக்கிட்டு வந்துரும். குறுக்கால போ. கொஞ்சமா எறக்கம் குடு. ஆங், அப்புடித்தான். எங்கப்பா பேத்தின்னு காட்டிட்டியே!" என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, சாய்வு பார்த்துப் பார்த்து வெட்டினாள். அவள் தாத்தாவை அவள் பார்த்ததில்லை. இத்தனை வருடம் நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றை, நான் திட்டித் தீர்த்த ஒரு விளையாட்டில் அவள் செய்துகொண்டிருந்தாள்.

வெட்டி முடித்தும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. "அந்தக் கடைசி வீடு நிக்கிற எடம் சரியில்லம்மா. மலை வயிறு தள்ளிக்கிட்டு நிக்கிது."

"மாத்திடலாம் அத்தை. பாருங்க." திவ்யா ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். நீல வீடு புகைபோக்கியோடு, பூந்தொட்டியோடு அப்படியே தரையைவிட்டு எழும்பி நின்றது.

அக்கா கைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"எங்க வேணுன்னாலும் வக்கலாமா?"

"ம், எங்கயும்."

"யாருட்டயும் கேக்க வேணாமா?"

திவ்யா திரும்பி என்னைப் பார்த்தாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். "யார்கிட்ட கேக்கணும்?"

அக்கா திரையில் ஓர் இடத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

"அப்ப அங்க வையி" என்றாள் அக்கா. விளையாட்டிலும் ஒரு பங்களா இருக்கிறது. அதன் பக்கத்தில் மட்டமான, அகலமான புல்தரை. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். வெள்ளைக்காரன் தனக்கென்று உறுதியான மட்டம் பார்த்துக் கட்டினான், மிச்சமிருந்த சரிவில் எங்களை வைத்தான். "அந்த மட்டத்துல வையி. வாசல் கெழக்க பாக்கட்டும்."

வீடு அங்கே போய் உட்கார்ந்தது. ஒரு முயல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனது. அக்கா சிரித்தாள். திவ்யா அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை வைத்து, 'அத்தை' என்று தமிழில் எழுதினாள். எழுத்துகள் கோணலாக இருந்தன. எழுதியது எனக்கே ஆச்சரியம்.

8

இரண்டு மூன்று வாரம் கழித்து அக்கா கூப்பிட்டாள். லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்து மேனேஜர் துரையைப் பார்க்க ஆபீசுக்குப் போனாளாம். என் அக்கா பிறந்ததிலிருந்து அந்தப் படியில் தனக்காக ஏறியதில்லை.

"ஏன் இத்தன நாளா கேக்கலன்னு எனக்கே தெரியல தம்பி. அன்னிக்கி பாப்பா தூக்கி வச்சிச்சில்ல, அப்பதான் தோணிச்சி. 'வீடெல்லாம் வேணாம் தொர, மழ முடியிற மட்டும் பங்களாவுக்குப் பக்கத்து மட்டத்துல கூடாரம் அடிச்சிக்கிறோம், அது போதும்'னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நல்ல மாதிரியாத்தான் பேசுனாரு. பிளேன்டீ எல்லாம் குடுத்தாரு. அந்த மட்டத்துல வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குறதுக்கு மரவீடு கட்டப் போறாங்களாம். படத்தக் காட்டுனாரு. சின்னச் சின்னதா, கலர் கலரா, பாப்பா கேம்ல இருக்கிற மாதிரியேதான் இருக்கு. தோட்டத்தப் பாத்துக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்க வருவாங்களாம்."

"அப்ப உங்களுக்கு?"

"பாத்துச் செய்றாங்களாம். அங்கன கூட்டிப் பெருக்க, துணி தொவைக்க ஆளு எடுப்பாங்க, விருப்பம்னா இப்பவே பேரு குடுங்கன்னாரு."

"நீ என்ன பண்ணுன?"

"குடுத்துட்டு வந்தேன். கொழுந்து எடுக்க முட்டி ஒத்துழைக்கல. என்ன செய்யச் சொல்ற?"

நான் கத்தினேன். துரையை, கம்பெனியை, கட்டப்போகிற வீடுகளை, அதில் வந்து படுக்கப்போகிறவர்களை, எல்லோரையும் திட்டினேன். இங்கே இருந்துகொண்டு கத்துவது எனக்குச் சுலபம். அக்கா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் மறுபடி மழை பிடித்திருந்தது, யாரோ லயத்து வாசலில் பாத்திரங்களை இழுத்து உள்ளே வைத்தார்கள்.

"சரி, விடு" என்றாள் கடைசியில். "பாப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த நீல வீடு அங்கயே இருக்கட்டும்னு சொல்லு. வெளையாட்டு அலுத்துப் போனாலும், அத மட்டும் எடுத்துற வேணாம்."